துரைக்கு வந்த நடுக்கம்

நான் கல்யாணமாகிப் பூதப்பாண்டிக்கு வந்தபோது அந்த வீட்டில் என் கணவரும் அவருடைய அம்மாவும் ஒரு வெள்ளை நாயும் இருந்தார்கள். என்னோடு முதலில் சிநேகமானது நாய்தான்.

கணவர் மலைமேல் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிளார்க். திங்கட்கிழமை விடியற்காலையில் தோட்டத்து லாரியில் ஏறிப் போனால் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் நான், அத்தை, நாய். மாமியாரை அத்தை என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அத்தை அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரு வாக்கியத்தில் காரியம் முடிந்துவிடும். நான் பிறந்த ஊரான கொட்டாரத்தில் எங்கள் வீட்டில் ஒரே சமயத்தில் நாலு பேர் பேசுவோம். யார் கேட்கிறார்கள் என்ற கவலையே கிடையாது. அந்தச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு இந்த வீட்டு அமைதி காதை அடைத்தது. அதனால் நாயோடு பேச ஆரம்பித்தேன்.

நாய் தோட்டத்திலிருந்து வந்தது. சுதந்திரம் கிடைத்துச் சில வருஷம் கழித்து அங்கிருந்த வெள்ளைக்கார மானேஜர் ஊருக்குக் கப்பல் ஏறினார். கொண்டுபோக முடியாத சாமான்களை ஆபீஸ்காரர்களுக்குப் பங்கு வைத்தார். ஹெட்கிளார்க்குக்கு ஆடுநாற்காலி கிடைத்தது. டைப் அடிக்கிறவருக்குப் பூப்போட்ட ஜன்னல் திரைகள். அதில் அவர் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு வந்தாராம். என் கணவரின் மேஜைக்கடியில் எந்நேரமும் படுத்துக் கிடந்த பாவத்துக்கு நாய் அவருக்கு வந்தது. முழங்கால் உயரம்கூடக் கிடையாது. உடம்பு முழுக்க வெள்ளை ரோமம். முகத்தில் விழுந்து கண்ணையே மறைக்கும். மூக்கு மட்டும் கறுப்புப் பொத்தான் மாதிரி தெரியும்.

அதற்கு ஏதோ ஒரு நீளமான இங்கிலீஷ் பெயர் இருந்தது. அத்தையின் வாயில் அது நுழையவில்லை. துரை வீட்டு நாய் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் துரை என்றே ஆகிவிட்டது. "தொரைக்குச் சோறு வச்சியா பிள்ளே?" "தொரை நடையில மோண்டு வச்சிருக்கான், ஒரு செம்பு வெள்ளம் ஊத்து" என்றெல்லாம் அத்தை குரல் கொடுக்கும்போது தெருவில் போகிற புது ஆட்கள் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

துரைக்குத் தமிழ் தெரியாது. பள்ளிப் படிப்பை முடித்து நான் சேர்த்து வைத்திருந்த இங்கிலீஷ் அந்த வீட்டில் அதற்குத்தான் பயன்பட்டது. 'கம்' என்றால் வரும். 'சிட்' என்றால் உட்காரும். அத்தை சொல்வதை நான் இங்கிலீஷில் நாய்க்குச் சொல்வேன். நாய் குரைத்தால் அத்தைக்குத் தமிழில் சொல்வேன். இப்படி ஒருமாதிரி இரண்டு பேருக்கும் நடுவில் துபாஷி வேலை பார்த்ததில் அத்தையோடும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. அது நாய் செய்த உபகாரம்.

அத்தைக்கு ஒரு பெரிய உபத்திரவம் இருந்தது, மூட்டுவாதம். காலையில் எழுந்தால் விரல்களை மடக்க முடியாது. மணிக்கட்டும் முழங்காலும் வீங்கிச் சிவந்து கிடக்கும். கையில் எடுத்த செம்பு தானாகவே கீழே விழும். வைத்தியர் கொடுத்த எண்ணெயெல்லாம் தேய்த்துத் தேய்த்து வீட்டுச் சுவரே எண்ணெய் வாடை அடித்ததுதான் மிச்சம். நான் வந்த மறு வருஷம் கணவர் அவரை மேற்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த பெரிய டாக்டர் அப்போதுதான் புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையைக் கொடுத்தார். வேளை தவறாமல் சாப்பிட வேண்டும், நம் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது என்று இரண்டு மூன்று தடவை சொல்லி அனுப்பினாராம்.

ஒரே வாரத்தில் அத்தை தேங்காய் துருவ உட்கார்ந்துவிட்டார். முகம் உருண்டையாக உப்பியது. பசியென்றால் அப்படி ஒரு பசி. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மருமகள் வந்த நேரம் மாமியாருக்கு உடம்பு தேறியது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்த மாத்திரைக்கு அத்தை வைத்த பெயர் கார்த்திகேசன். "கார்த்திகேசன் தின்னணும், சோத்தை வை" என்பார். முருகன் பெயரில் மருந்து செய்கிற ஏதோ கம்பெனி போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். புட்டி அவருடைய மரப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும். நான் கண்ணால் பார்த்ததில்லை.

நாய்க்கு நடுக்கம் வந்தது ஒரு ஆடி மாதத்தில். மலையிலிருந்து சாரல் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. காலையில் நான் கோலம் போடக் கதவைத் திறந்தபோது துரை எழுந்து வந்தது. உடம்பு முழுக்க வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. குளிர் என்று நினைத்துக் கணவரின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றிவிட்டேன். வேட்டியும் சேர்ந்து ஆடியது. தூங்கும்போது நடுக்கம் இல்லை. எழுந்து நின்றால் வந்துவிடும். யாராவது கூப்பிட்டால், சோற்றுச் சட்டியைக் கண்டால், இன்னும் அதிகமாகும்.

இரண்டு நாளில் நடை தள்ளாட ஆரம்பித்தது. நாலு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு கப்பலில் நிற்பது மாதிரி நிற்கும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. ரோமத்தை விலக்கிக் கண்ணைப் பார்த்தேன். கருவிழி இரண்டும் இடமும் வலமுமாக ஓடிக்கொண்டிருந்தன.

"காலம்பறயே ஏத்திக்கிட்டு வந்திருக்கானா தொரை?" என்றார் அத்தை. கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சோற்றை அதன் வாய்க்கு நேராக உருட்டிக் கொடுத்ததும் அவர்தான். சட்டியில் வாயை வைத்தால் மூக்கு சட்டி விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அது நான் பார்க்காத நேரத்தில் தெருவுக்குப் போய்விட்டது. நடுத் தெருவில் சுற்றிச் சுற்றி வந்து விழுந்து, வாயில் எச்சில் ஒழுக எழுந்து நின்றதை நாலு வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். எச்சில் ஒழுகும் நாயைக் கண்டால் எங்கள் ஊரில் ஒரே ஒரு வார்த்தைதான். பேநாய். வெறிபிடித்த நாயை அப்படித்தான் சொல்வோம். நான் ஓடிப்போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைச் சாத்துவதற்குள் பக்கத்து வீட்டு அண்ணாச்சி ஒரு உலக்கையோடு முற்றத்தில் வந்து நின்றார்.

ஊருக்கு அவர் அண்ணாச்சி. அத்தைக்கு மைத்துனர் முறை, எனக்கு மாமா. சாதாரணமாக உலக்கை எடுக்கிற ஆள் இல்லை. வாரம் தவறாமல் அவர் தோட்டத்து வெண்டைக்காயைக் கொண்டுவந்து தருகிறவர். அன்றைக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது.

"மைனி, நாய்க்குப் பே புடிச்சாச்சு. இனி யோசிக்கதுக்கு ஒண்ணுமில்ல. பிள்ளைய ஓடி வெளையாடுக தெரு. வெளிய விடுங்கோ, நான் பாத்துக்கிடுகேன்."

"பே புடிச்ச நாய் வெள்ளங் குடிக்குமா?" என்று அத்தை கேட்டார். "இது காலம்பற ஒரு சட்டி குடிச்சிருக்கு."

"அதெல்லாம் பாத்துக்கிட்டு நிக்க முடியாது மைனி. ரெண்டு பேரும் அதைத் தொட்டுத் தூக்குகிய. கடிச்சாத்தான்னு இல்ல, நக்கினாலே போதும்."

நான் நாயை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன். கல்யாணமாகி வந்த பிறகு அவர் முன்னால் நான் வாயைத் திறந்ததே இல்லை. "மாமா, மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கூட்டிக்கிட்டு வாறேன். அவர் பே புடிச்சிருக்குன்னு சொன்னா நானே விட்டுத் தாறேன்" என்றேன்.

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை, "பிள்ள சொல்லுகது சரிதான். உலக்கையைக் கொண்டுபோய் உன் வீட்டில வை" என்றார். ஒரே வாக்கியம்.

அண்ணாச்சி போன பிறகு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணாச்சியின் தம்பி சின்ன வயதில் பேநாய் கடித்துச் செத்தவன். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டு, கொடுத்தால் குடிக்க முடியாமல் செத்திருக்கிறான். அண்ணாச்சி அதைக் கூடவே இருந்து பார்த்தவர். அதைக் கேட்டதும் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போய்விட்டது. பயம் வந்துவிட்டது. என் உள்ளங்கையில் தேங்காய் உடைத்தபோது கீறிய காயம் ஒன்று ஆறாமல் இருந்தது. அந்தக் கையைத் துரை தினமும் நக்கும்.

மாட்டாஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து தூரமில்லை. நான் தனியாக நடந்தே போனேன். வழியெல்லாம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. டாக்டர் சின்ன வயதுக்காரர். அப்போது எங்கள் ஊர் திருவாங்கூர்-கொச்சியில் இருந்ததால் உத்தியோகஸ்தர்கள் வடக்கேயிருந்து வருவார்கள். இவர் நெய்யாற்றின்கரைக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். ஒரு காளையின் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டிருந்தவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கையைக் கழுவினார்.

"நமக்கு இங்க வாறது எல்லாம் காளையும் எருமையுமாக்கும். நாய்க்கு வேண்டி வந்த முதல் ஆளு நீங்களாக்கும்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.

தொழுவத்தில் வைத்துத் துரையை வெகுநேரம் பார்த்தார். கை தட்டினார். கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினார். காலைத் தூக்கிப் புறங்காலில் நிற்க வைத்தார். அது பாதத்தைத் திருப்பி வைக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. பிறகு ஒரு குச்சியை வாய்க்கருகில் நீட்டினார். துரை அதை நக்கியது.

"பேயாக இருக்காதுன்னு எனக்குத் தோணுது" என்றார். "ஆனா தோணினா போதாது. சங்கிலி போட்டுக் கட்டி வைக்கணும். யாரும் தொடாண்டாம். பேயானா பத்து நாளுக்குள்ள செத்துப்போகும். அப்படிச் செத்தா நீங்க ரெண்டு பேரும் நாகர்கோவிலுக்குப் போய் வயித்தில ஊசி போடணும். சாகலைன்னா அது வேற ஏதோ சூக்கேடு, வேற நோய்."

"வெள்ளங் குடிக்குதே" என்றார் அத்தை.

"அதை நம்ப முடியாது அம்மா. வெள்ளத்தைக் கண்டு அலறது மனுஷராக்கும். நாய் அலறாது."

அத்தை முகம் சுருங்கிவிட்டது. அவர் நம்பிக்கொண்டிருந்தது அந்தத் தண்ணீரைத்தான்.

துரையைத் தொழுவத்தில் பசுவுக்கு எதிர்ப்பக்கம் கட்டினோம். நீளமான மூங்கிலால் சோற்றுச் சட்டியைத் தள்ளிவிடுவேன். எட்ட நின்று 'சிட்' என்பேன். அது உட்காரப் பார்த்து ஒரு பக்கமாகச் சாயும். மறுபடி எழுந்து மறுபடி உட்காரப் பார்க்கும். சொன்ன பேச்சைக் கேட்க முடியாத சங்கடம் அதன் முகத்தில் தெரிந்தது. பசு மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.

இதற்கிடையே சேதி மலைக்குப் போய்விட்டது. போகிற வழியில் அது வளர்ந்திருக்க வேண்டும். வாரத்தின் நடுவில் ஒரு மத்தியானம் வாசலில் லாரி நின்றது. கணவர் ரப்பர் ஷீட் வாடையோடு செருப்பில்லாமல் உள்ளே ஓடிவந்தார். நானும் அத்தையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்களைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மையும் பெண்டாட்டியும் பேநாய் கடிச்சுக் கெடக்குகாவன்னுல்லா லாரிக்காரன் சொன்னான்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

"கெடக்கல்ல, சாப்பிடுகோம். நீயும் கையைக் கழுவு" என்றார் அத்தை.

பத்து நாளும் கழிந்தது. துரை சாகவில்லை. ஆடிக்கொண்டே சாப்பிட்டது, ஆடிக்கொண்டே என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. எது நடுக்கம், எது வாலாட்டல் என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். டாக்டர் வந்து சங்கிலியை அவிழ்த்தார். அண்ணாச்சி சுவருக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். "பே இல்ல. தைரியமா இருக்கலாம்" என்று டாக்டர் அவரிடமே சொன்னார். நான் துரையைத் தூக்கிக்கொண்டு ரோமத்துக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். வைக்கோலும் சாணியும் வாடை அடித்தது.

சாவு போனதே தவிர நோய் போகவில்லை. பே இல்லையென்றால் வேறு என்ன என்பது டாக்டருக்கும் பெரிய கேள்வியாக இருந்தது. நாய்களுக்கு வருகிற தொற்றுக் காய்ச்சல் ஒன்று மூளையைப் பிடிக்கும் என்று சொல்லிப் பென்சிலின் போட்டுப் பார்த்தார். வேறு ஏதோ ஊசியும் போட்டார். ஒன்றும் மாறவில்லை. தெருவில் ஒரு செவலை நாய் உண்டு. துரை மிச்சம் வைக்கிற சட்டியை அதுதான் நக்கித் துடைக்கும். அதற்கு எதுவும் வரவில்லை என்பதையும் அவர் கவனித்தார்.

ஒருநாள் அடுக்களைப் பக்கம் நின்று காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். "இது கிருமி கொண்டு வந்த சூக்கேடுன்னு தோணல. காய்ச்சல் இல்ல, சளி இல்ல, கூடத் தின்ன நாய்க்கும் வரல. மூளை கிருமி இல்லாமத் தானாவே வீங்கியிருக்கு. எதுக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

"தானா எப்படி வீங்கும்?" என்று கேட்டேன்.

"மனுஷருக்கு மூட்டு வீங்குதில்லா, கிருமி இல்லாம? அதுமாதிரி ஆக்கும். அப்படி வீங்கினா அடக்குகதுக்கு இப்போ மனுஷருக்கு ஒரு புது மருந்து வந்திருக்கு. கார்ட்டிசோன்னு பேரு. மாட்டாஸ்பத்திரிக்கு அது எங்க வரும்? மனுஷருக்கே கிட்டல."

அத்தை உள்ளே சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கை நின்றது. டாக்டர் சைக்கிளில் ஏறிப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அவன் ஒரு மருந்து சொன்னானே, பேரு என்ன பிள்ளே?"

"கார்ட்டிசோன்."

"ஒருக்கக்கூடச் சொல்லு."

சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்தார்.

அடுத்த வாரம் துரைக்கு நடுக்கம் குறைந்தது. முதலில் நான் நம்பவில்லை. காலையில் சட்டியில் மூக்கு இடிக்கிற சத்தம் கேட்கவில்லை என்று திரும்பிப் பார்த்தேன். அது நேராக நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்னும் நாலைந்து நாளில் கண் ஓடுவது நின்றது. தலை நிமிர்ந்தது. டாக்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியாக அவர் போட்டது ஒரு வைட்டமின் ஊசி. அதுதான் கேட்டிருக்கிறது என்று சொல்லி இன்னொன்றும் போட்டுவிட்டுப் போனார்.

துரைக்குப் பசியும் பிடித்துக்கொண்டது. பழக்கூடையைக் கவிழ்த்தது. பூஜைக்கு வைத்த அப்பத்தை எடுத்தது. ஓயாமல் தண்ணீர் குடித்து ஓயாமல் முற்றத்தை நனைத்தது. நான் திட்டினால் அத்தை, "விடு, பாவம். அந்தப் பசி அப்படித்தான் இருக்கும்" என்பார். எந்தப் பசி என்று எனக்கு விளங்கவில்லை.

நாய் தேறத் தேற அத்தை முடங்கினார். விரல் மறுபடி வீங்கியது. ஒருநாள் காப்பி தம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தது. மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டால் "தின்னுகேன்" என்பார். பிறகு மாத்திரை தீர்ந்துவிட்டது என்றார். கணவர் மலையில் இருந்ததால் நானே அவரை பஸ்ஸில் மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

பெரிய டாக்டர் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு அத்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கொடுத்ததை முழுசாத் தின்னிருந்தா கை இப்படி வீங்காதே அம்மா. மாத்திரை எங்க போச்சு?"

"நாய் தின்னுட்டு" என்றார் அத்தை.

டாக்டர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "புட்டியோடயா? நாய் உயிரோட இருக்கா?"

"புட்டியோட இல்ல. ஏத்தம்பழத்தில வச்சுக் கொடுத்தேன். காலம்பற பாதி, சாயங்காலம் பாதி. கார்த்திகேசன் தின்ன பொறவுதான் அதுக்கு நடுக்கம் நின்னுது. எனக்குப் பாதி, அதுக்குப் பாதி."

நான் அத்தையைப் பார்த்தேன். அத்தை ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "கார்த்திகேசனா?" என்று கேட்டார். பிறகுதான் அவருக்குப் பிடிபட்டது. வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். எனக்கும் அப்போதுதான் பிடிபட்டது. மாதக்கணக்காக ஒரே வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சிரித்து முடித்ததும் அவர் கண்டிப்பாகப் பேசினார். "நீங்க பாதியாக் குறைச்சதால கை வீங்கினதோட போச்சு. ஒரேயடியா நிறுத்தியிருந்தா படுக்கையில விழுந்திருப்பிய. நாய்க்கும் அப்படித்தான். இப்போ திடீர்னு நிறுத்தினா நடுக்கம் திரும்பி வரும். அந்த மாட்டு டாக்டரை வரச் சொல்லுங்க. நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுகோம்."

திரும்பும் பஸ்ஸில் தக்கலை தாண்டிய பிறகு, "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அத்தை" என்றேன்.

"சொன்னா நீ விடுவியா?"

விட்டிருக்கமாட்டேன். நாய்க்காக மாமியாரின் மருந்தை எடுத்தாள் என்று ஊர் சொல்லும் என்றே பயந்திருப்பேன்.

பிறகு அவராகவே பேசினார். "நீ சிட்டு சிட்டுன்னு சொல்லுவே. அது இருக்கப் பாக்கும், காலு கேக்காது. எனக்கு அதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல பிள்ளே. நம்ம காலும் கையும் நாம சொன்னதைக் கேக்காம நிக்கது எப்படி இருக்கும்னு இந்த வீட்டில எனக்குத்தான் தெரியும்." இவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருடைய வீங்கிய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வீடு வரும் வரை அவர் அதை எடுக்கவில்லை.

மாட்டு டாக்டரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிமிஷம் வைட்டமின் ஊசி போன வருத்தம் தெரிந்தது. அடுத்த நிமிஷம் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு டாக்டர்களும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறார்கள். நாயின் எடைக்கு எவ்வளவு கொடுக்கலாம், எப்படிக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, கொஞ்சம் மாத்திரையும் வாங்கிக்கொண்டு அவர் வந்தார். அன்றிலிருந்து அத்தைக்கும் துரைக்கும் தனித்தனிப் புட்டி. அத்தைக்குச் சோற்றுக்குப் பிறகு, துரைக்கு ஏத்தம்பழத்துக்குள்.

மருந்தைக் குறைப்பது சுலபமாக இல்லை. பாதியிலிருந்து கால் ஆக்கினோம், நன்றாக இருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆக்கினோம். ஒரு வாரத்தில் பின்னங்கால் வெடவெடவென்றது. நான் மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் பதறாமல் மறுபடி ஏற்றி, இன்னும் பையப் பையக் குறைத்தார். ஐப்பசி போய், கார்த்திகை போய், தை பிறந்தபோது துரை மருந்தே இல்லாமல் நின்றது. ரொம்பச் சந்தோஷம் வந்தால் மட்டும் தலை கொஞ்சம் ஆடும். ஆமாம் ஆமாம் என்று எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொள்வது மாதிரி இருக்கும்.

பொங்கல் கழிந்து ஒருநாள் அண்ணாச்சி வெண்டைக்காயோடு வந்தார். முற்றத்தில் துரை நேர்க்கோட்டில் நடந்துபோய் அவர் காலடியில் உட்கார்ந்தது. அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு நின்றார். குனிந்து, ஒரே ஒரு விரலால் அதன் நெற்றியைத் தொட்டார்.

"கொள்ளாம், நல்லாருக்கு" என்றார். வெண்டைக்காயை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்குப் போனதும் அவர் வெகுநேரம் கையைக் கழுவினாராம். அவர் மனைவி சொன்னாள்.

பின்னாளில், தலை நரைத்துச் சென்னையில் மகன் வீட்டில் இருந்தபோது, அங்கே நாய்க்கு ஊசி போட வந்த ஒரு டாக்டரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஆர்வமாகக் கேட்டார். இப்போது இதற்கெல்லாம் பெயர் இருக்கிறதாம். உடம்பைக் காக்கிற சக்தியே திசை மாறி மூளையைத் தாக்குவதால் வருகிற வீக்கம், கிருமி கிடையாது, ஒட்டாது. அதில் பல வகை உண்டாம். சிலது எந்த மருந்துக்கும் அடங்காமல் நாயைக் கொண்டுபோய்விடும். துரைக்கு வந்தது நல்ல வகையாக இருக்கும், சின்ன வெள்ளை நாய்களுக்கு அது அதிகமாக வரும் என்றார். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அந்த மருந்து கிடைத்ததுதான் ஆச்சரியம் என்றார். அதைக் கொடுத்தது யார் என்று சொன்னபோது அவரும் சிரித்தார்.

எங்கள் ஜில்லா சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த வருஷம் மாட்டு டாக்டருக்கு வடக்கே மாற்றலாகிவிட்டது. ஊரெல்லாம் தோரணமும் கொட்டுமாக இருந்த சமயத்தில் அவர் விடைபெற வந்தார். அத்தை அவருக்கு வாழைக்காய் வறுவல் ஒரு டின் நிறையப் போட்டு வைத்திருந்தார். கையெல்லாம் ஓரளவு சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை.

"நாயை ஒருக்கப் பாத்துட்டுப் போறேன்" என்றார் டாக்டர்.

தேடினோம். அது அவர் குரலைக் கேட்டதுமே தொழுவத்தில் பசுவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டிருந்தது. நான் 'கம்' என்றேன். வரவில்லை. கணவர் கூப்பிட்டார். வரவில்லை. டாக்டர் தம் இரண்டு கைகளையும் விரித்து, ஊசி ஒன்றும் இல்லை என்று காட்டினார். அப்போதும் அது பசுவின் காலுக்கிடையில் தலையை நீட்டி அவரைப் பார்த்துக் குரைத்ததே தவிர வெளியே வரவில்லை.

"நல்ல ஞாபகசக்தி. மூளைக்கு ஒண்ணும் கேடில்ல" என்று சொல்லிவிட்டு டாக்டர் டின்னை சைக்கிளில் கட்டினார். தெரு முனையில் திரும்பும் வரை மணி அடித்துக்கொண்டே போனார்.